கூலி வேண்டாம், பழைய சாமான் போதும் என்கிறவரிடம் வீட்டை ஒழிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: என் பெற்றோர் கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய வீட்டில் 44 வருடமாக இருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 79. அம்மாவுக்கு 73. வீட்டை விற்கப் பேசிவிட்டோம். மூன்று மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். சென்னை குரோம்பேட்டையில் எங்களுக்குப் பக்கத்திலேயே 780 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் பார்த்திருக்கிறோம். பரண் நிறையப் பித்தளைப் பாத்திரம், அப்பாவின் புத்தகங்கள், பேப்பர் கட்டுகள், பாட்டி காலத்துச் சாமான். அம்மா ஒரு கரண்டியைக்கூட விட மாட்டேன் என்கிறார். தம்பி அமெரிக்காவில். இங்கே ஒருவர், “ரெண்டே நாளில் காலி பண்ணித் தருகிறோம், கூலியே வேண்டாம், நீங்கள் கழிக்கிற சாமானை எடுத்துக்கொள்கிறோம்” என்கிறார். அவரிடம் விடலாமா? அல்லது வீடு ஒழுங்குபடுத்தித் தரும் நிபுணர்களைச் சென்னையிலிருந்து கூப்பிடலாமா? இடம் போதாவிட்டால் மிச்சத்தை வாடகைக் கிடங்கில் போடலாமா?

பதில்: கூலி வேண்டாம் என்றவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எவ்வளவு அதிகமாகக் கழிக்கிறீர்களோ, எவ்வளவு அவசரமாகக் கழிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அவருக்கு லாபம். உங்கள் அம்மாவுக்குத் தேவை நிதானம். இரண்டும் ஒரே வேலையில் ஒத்துப்போகாது.

உதாரணத்துக்கு ஈயச் செம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்கிற செம்பு வெள்ளீயத்தால் ஆனது. கிலோ விலையில் அது பித்தளையைவிடப் பல மடங்கு. கரி படிந்து, நசுங்கி, பரணில் கிடந்தால் பழைய அலுமினியம் மாதிரித்தான் தெரியும். மூட்டையோடு போனால் போனதுதான். வெண்கலப் பானையைப் பித்தளை விலைக்கும், செம்பு அண்டாவைக் ‘கலப்படம்’ என்று சொல்லி அதற்கும் கீழான விலைக்கும் எடுப்பது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம். பழைய பட்டுப் புடவைகளிலும் இதே கதை. அந்தக் காலத்து ஜரிகையில் உண்மையான வெள்ளி இருக்கும். ஜரிகைக்கு எடை போட்டு விலை தரும் கடைகள் இருக்கின்றன. வாசலில் பிளாஸ்டிக் குடத்துக்குப் புடவை மாற்றுகிறவருக்கும் அது தெரியும்.

வீட்டை ஒழிப்பதில் பிரிப்பது, விற்பது அல்லது கொடுப்பது, ஏற்றி இறக்குவது என்று மூன்று வேலை இருக்கிறது. மூன்றையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். பிரிக்க உதவுகிறவர், கழிக்கிற சாமானில் ஒரு பைசா பங்கு இல்லாதவராக இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து நிபுணரை அழைப்பது நல்ல யோசனைதான், முழு வேலைக்கும் அல்ல. போக்குவரத்து, தங்குமிடம், நாள் கூலி எல்லாம் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. உங்கள் பெற்றோராலும் தொடர்ந்து நாள் முழுக்க உட்கார்ந்து முடிவெடுக்க முடியாது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் காலையில் இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். அதைத் தாண்டினால் எல்லாவற்றையும் ‘வெச்சுக்கோ’ என்பார்கள், இல்லாவிட்டால் அலுத்துப்போய் ‘எல்லாத்தையும் தூக்கிப் போடு’ என்பார்கள். இரண்டுமே மறுநாள் சண்டையில் முடியும். அதனால் நிபுணரை இரண்டு கட்டமாக அழையுங்கள். தொடக்கத்தில் இரண்டு நாள் கும்பகோணம் வந்து அறை அறையாகத் திட்டம் போட்டு, ஓர் அறையை உங்களோடு சேர்ந்து செய்து காட்டட்டும். கடைசியில் குரோம்பேட்டை ஃபிளாட்டில் இரண்டு நாள் நின்று அடுக்கித் தரட்டும். இடையில் எட்டு வாரம் உங்களுக்குத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இருவர், வாரத்தில் நான்கு காலை வந்தால் போதும். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் நிபுணர் பார்த்துக்கொள்ளலாம்.

பேசும்போது சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் மணிக்கா, நாளுக்கா, அறைக்கா என்பது ஒன்று. மணிக்கணக்கு என்றால் மேல்வரம்பு வையுங்கள். கழிக்கிற பொருளை வாங்கும் கடைக்காரரிடம் கமிஷன் இல்லை என்ற வரி இருக்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கிற படம் எதையும் விளம்பரத்துக்குப் போடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வெளியே போகும் எந்த மூட்டையும் ஒரு ராத்திரி திண்ணையில் இருந்துவிட்டு, மறுநாள் வீட்டார் ஒருவர் பார்த்த பிறகே போக வேண்டும். இதற்கு முகம் சுளிக்கிற நிபுணரை அழைக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் அம்மாவிடம் பேசாமல் உங்களிடம் மட்டும் பேசுகிறவரும் வேண்டாம்.

எந்த ஆளும் உள்ளே வருவதற்கு முன் நகையும் வெள்ளியும் பேங்க் லாக்கருக்குப் போய்விட வேண்டும். காகிதங்களை நீங்களே ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். மூலப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், அப்பாவின் ஓய்வூதிய ஆணைப் புத்தகம், பணிப் பதிவேட்டு நகல், பிறப்பு, இறப்புச் சான்றுகள், எல்.ஐ.சி. பாண்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டி லாரியில் ஏறக் கூடாது, உங்கள் கையோடு வர வேண்டும். மாடி எடுத்தது, கழிவறை கட்டியது போன்ற செலவுகளுக்கு 2001 ஏப்ரலுக்குப் பிந்தைய ரசீது இருந்தால் பொன்போல வையுங்கள். பழைய வீட்டின் மூலதன ஆதாயத்தை, அதாவது விற்பனை லாபத்தை, வரிக்காகக் கணக்கிடும்போது 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு செய்த கட்டுமானச் செலவையும் சேர்க்கலாம். ஆடிட்டர் முதலில் கேட்பது அந்த ரசீதுகளைத்தான். இருபது வருட மின்சார ரசீதுகளை அப்பா நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார். கடைசி இரண்டு வருடத்துக்கானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கலாம். பேங்க் கணக்கு எண், கையெழுத்து உள்ள தாள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள்.

புத்தகங்களைப் பிரிக்காமல் கொடுக்கவே கூடாது. ஒவ்வொன்றையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஓர் உதறு உதறுங்கள். தேசிய சேமிப்புப் பத்திரம், பழைய பங்குச் சான்றிதழ், ரூபாய் நோட்டு எல்லாம் விழும். காகிதப் பங்குச் சான்றிதழை ‘கம்பெனியே இல்லை’ என்று கிழித்துவிடாதீர்கள். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், இணைந்திருக்கலாம். 2019 ஏப்ரல் 1 முதல் காகித வடிவில் கைமாற்ற முடியாது, டீமேட் ஆக்க (மின்னணுக் கணக்குக்கு மாற்ற) வேண்டும், அவ்வளவுதான். ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காமல் விட்டிருந்தால் பங்கு மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். மறந்துபோன பேங்க் வைப்புகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள். புடவை மடிப்பிலிருந்து 2016-ல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகள் வந்தால் ஞாபகத்துக்குப் பத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். 2017-ல் வந்த சட்டப்படி அதற்கு மேல் வைத்திருப்பது குற்றம்.

இப்போது அம்மா. “இது வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டால் நீங்கள் தோற்றீர்கள். வேணும் என்றுதான் சொல்வார், அதில் தப்பும் இல்லை. டேப் எடுத்துக்கொண்டு முதலில் புது ஃபிளாட்டை அளந்துவிட்டு வாருங்கள். தச்சர்கள் சொல்கிற ரன்னிங் அடிக் கணக்கில் (நீளம் மட்டும்), சமையலறை அலமாரித் தட்டு, லாஃப்ட், ஷெல்ஃப் எல்லாம் சேர்த்து எத்தனை அடி வருகிறது? அதே அளவைக் கும்பகோணம் வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இந்தக் கோட்டுக்குள் எதை எதை நிறுத்துவது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். வேண்டாததைத் தேடிக் கழிப்பதைவிட வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது அவருக்கு எளிது. கோடு நிறைந்ததும் அவரே ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பார். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

பேர் வெட்டிய பாத்திரங்களைத் தனியாக எடுங்கள். சீர் வந்தது, கிருகப்பிரவேசத்துக்கு வந்தது, பாட்டி பேர் போட்டது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பேர் இருக்கும். அந்தப் பேருக்குரியவரோ அவர் பிள்ளைகளோ இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடலாம். அம்மா மறுக்க மாட்டார், தன் கையால் கொடுக்கத்தான் விரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை அழைத்துச் சாப்பாடு போட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ‘அப்புறம் வந்து எடுத்துக்கறேன்’ என்கிறவர்களுக்குத் தேதி குறித்துக்கொடுங்கள். தம்பிக்கும் அதே விதி. சாமான்களுக்கு எண் ஒட்டிப் படம் அனுப்புங்கள், பதினைந்து நாளில் எண்ணைச் சொல்லட்டும், யார் வீட்டில் வைப்பது என்றும் சொல்லட்டும். இல்லாவிட்டால் அவர் பொருளெல்லாம் உங்கள் லாஃப்டில்தான் உட்காரும்.

மிச்சமுள்ள பித்தளையை நீங்களே எடை போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். 50 கிலோ தாங்கும் கொக்கித் தராசு சில நூறு ரூபாய்தான். போடுவதற்கு முன் அண்டாவின் கழுத்து வளையத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி சுருட்டியிருக்கிறது, கடைக்காரர் அதற்குக் கழிப்பார், அது நியாயம். உள்ளே ஈயப்பூச்சு, அடியில் கரி என்று சிறிது கழிப்பதும் வழக்கம். ஆனால் எவ்வளவு கழிவு என்பதை எடை போடுவதற்கு முன்பே சொல்ல வைத்துவிடுங்கள். எடை போட்ட பிறகு சொல்கிற கழிவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். பித்தளை, செம்பு, வெண்கலம், ஈயம், எவர்சில்வர், அலுமினியம் என்று ஆறு குவியலாகப் பிரித்து எடுத்துப்போங்கள். கலந்து கொடுத்தால் மொத்தத்துக்கும் மலிவான விலைதான் கிடைக்கும். ஈயம் மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும், காந்தம் ஒட்டாது, கத்தி நுனியால் லேசாக இழுத்தாலே கோடு விழும். சில பழைய ஈயச் செம்புகளில் காரீயம் என்ற நச்சு உலோகமும் கலந்திருப்பதுண்டு. எங்கே வாங்கியது என்று தெரியாத செம்பை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரசத்துக்கு வேண்டாம். கும்பகோணம் பாத்திரக்கடைகளுக்குப் பேர் போன ஊர். மூன்று கடையில் விலை கேட்க ஒரு காலைப்பொழுது போதும்.

பூஜையறையில் பழைய பஞ்சலோக விக்கிரகம் இருந்தால் அதை எடைக்குப் போடும் பேச்சே கூடாது. நூறு ஆண்டைத் தாண்டிய உலோக, கற்சிற்பங்கள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக முடியாது. தம்பி பெட்டியில் வைத்து எடுத்துப்போவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தால் எண்ணெய் தடவுவது, துடைப்பது என்று எதையும் செய்யாமல், வெள்ளைத் துணியில் சுற்றித் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கோ, சென்னை பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

அப்பாவின் புத்தகத்துக்கும் அடிக் கணக்குதான். ஓரடித் தட்டில் பத்துப் பன்னிரண்டு புத்தகம் நிற்கும். மூன்றடி அகலத்தில் ஐந்து தட்டு உள்ள அலமாரி ஒன்றுக்கு 150 முதல் 180. அந்த அலமாரியை அவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். பழைய தமிழ் நூல்கள், இதழ்த் தொகுப்புகள், நாடக நோட்டீஸ்கள் இருந்தால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்கலாம். எந்த நூலகத்துக்கும் மூட்டையாக அனுப்பாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு எழுதிய பட்டியலை முதலில் அனுப்பினால், தங்களிடம் இல்லாததை அவர்களே சொல்வார்கள். கோனார் உரைகளும் பாடநூல்களும் யாருக்கும் வேண்டியிருக்காது, அதற்கு வருத்தப்படாதீர்கள். பக்கங்களில் பொடிப்பொடியாக ஓட்டையும் மாவு போன்ற தூளும் இருந்தால், அந்தப் புத்தகத்தோடு பூச்சியும் சென்னைக்கு வரும்.

நாளிதழ்க் கட்டுகளைப் பற்றி ஒன்று. அப்பாவுக்கு அவை பிரியமான பழக்கம் என்றால் சிக்கல் இல்லை, பேசிக் குறைக்கலாம். கட்டில் மேலும் அடுப்பங்கரையிலும் நடைபாதையிலும் குவிந்து, தொட்டாலே பதற்றம், கோபம் என்ற நிலை இருந்தால் அது வேறு. பொருள் சேர்க்கும் கோளாறு என்று மனநல மருத்துவம் 2013 முதல் அதைத் தனி நோயாகவே வகைப்படுத்துகிறது. அவர் இல்லாத நேரம் பார்த்து அள்ளிப் போடுவது நோயைக் கூட்டும். அப்படித் தோன்றினால் நிபுணரை அழைப்பதற்கு முன் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் பேசிவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மர சாமான்களில் ஆசை வேண்டாம். தேக்குக் கட்டிலைக் கழற்ற முடியுமா, பீரோ லிஃப்ட்டுக்குள் நுழையுமா என்று பாருங்கள். பெரிய இரும்பு பீரோ ஆறரை அடி உயரம். லிஃப்ட் கதவின் உயரத்தையும், படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்த பிறகே முடிவெடுங்கள். பீரோவைத் துணியோடு ஏற்றினால் கதவு கோணிக்கொள்ளும், காலியாகவே ஏற்ற வேண்டும். மரத்தின் அடிக்காலைத் தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஊஞ்சல்தான் பெரிய தலைவலி. அங்கே உத்திரத்தில் கொக்கி இருக்கும். ஃபிளாட்டில் கான்கிரீட் தளத்தைத் துளைக்கக் கட்டடப் பொறியாளரைக் கேட்க வேண்டும், அசோசியேஷன் சம்மதமும் வேண்டும். பலகையை மட்டும் எடுத்துவந்து பால்கனியில் பெஞ்சாகப் போடுவது நடக்கிற காரியம். அம்மி, ஆட்டுக்கல், உரல் எதுவும் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டை இடிக்கப் போகிறார் என்றால், தேக்குத் தூண், நிலைக்கதவுகளுக்குத் தனி விலை உண்டு. அவை யாருக்கு என்பதை இப்போதே விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரம் பதிந்த பிறகு கேட்க முடியாது.

மேலே சொன்னபடி செய்தால், போகிற சாமான் 14 அடி லாரி ஒன்றில் அடங்கும். 17 அடி கேட்கிறது என்றால் இன்னும் கழிக்கவில்லை என்று அர்த்தம். மூவர்ஸ் ஆள் நேரில் வந்து பார்த்துப் பட்டியல் எழுதாமல் போனிலேயே விலை சொன்னால் விட்டுவிடுங்கள், இறக்கும் இடத்தில் ‘சாமான் அதிகம்’ என்று கூடுதல் கேட்பார்கள். சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா, ஜி.எஸ்.டி. எண் அரசுத் தளத்தில் அதே பெயரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் என்று ஒரு தொகை வாங்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணைக் கேளுங்கள். பல இடங்களில் அது வெறும் வசூல்தான். புத்தகப் பெட்டி சிறியதாக, 15 கிலோவுக்குள் இருக்கட்டும். பெரிய பெட்டியில் புத்தகம் போட்டால் அடி கிழியும். பாத்திரம் சுற்றப் பழைய வேட்டி, புடவைகளே போதும். காஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் லாரியில் ஏறாது. ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி, சென்னையில் புது இணைப்பு எடுங்கள். மண்ணெண்ணெய், பெயிண்ட், ஆசிட், பூச்சிமருந்து எதுவும் ஏற்றக் கூடாது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

பெற்றோர் மருந்து, கண்ணாடி, ஒரு வாரத் துணி, காப்பி ஃபில்டர், இரண்டு தம்ளர் எல்லாம் உங்கள் காரில். ஃபிளாட்டில் நிபுணர் அடுக்கும்போது, ‘ஸ்டைலாக’ எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கும்பகோணத்து அடுப்பங்கரையைக் கிளம்பும் முன் படம் எடுத்து வையுங்கள். உப்பு எந்தக் கைப்பக்கம், புளி எந்தத் தட்டு என்று அதே வரிசையில் அடுக்கினால், முதல் நாள் ராத்திரியே அம்மா யாரையும் கேட்காமல் சமைப்பார்.

வாடகைக் கிடங்கு வேண்டாம். ஃபிளாட் சாவி கைக்கு வரத் தாமதமானால் மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு எடுக்கலாம். ‘பிறகு முடிவெடுக்கலாம்’ என்று போட்ட சாமானை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஓராண்டு வாடகையைக் கூட்டி, உள்ளே இருப்பதை விற்றால் வருகிற தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வாடகைதான் அதிகம் வரும். காற்றோட்டமில்லாத இடத்தில் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், பட்டுப் புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஆறு மாத ஒப்பந்தம் மட்டும் போட்டு, வாடகையைத் தம்பியைக் கட்டச் சொல்லுங்கள். மூன்றாவது மாதமே அவரிடமிருந்து, காலி செய்யச் சொல்லிப் போன் வரும்.